வீட்டிலேயே மோதிர அளவு எடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முகூர்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார், நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் திருச்சியில் வந்து இறங்குவார், மோதிரம் அதற்குள் தயாராக வேண்டும். கும்பகோணத்தில் எந்த நகைக்கடையில் ஏறினாலும் முதல் கேள்வி "அளவு என்னங்க?" என்பதுதான். வீட்டில் யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப்பில் கேட்டால் "பத்து" என்று பதில் வரும். சரி என்று பத்தையே சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். அது எந்த ஊர்ப் பத்து என்று ஒருவரும் கேட்பதில்லை. அமெரிக்க முறையில் சொன்ன பத்து என்றால் நம் கடைக் கணக்கில் அது 22. நம் ஊர்ப் பத்தில் செய்த மோதிரம் அந்த விரலின் முதல் கணுவைக்கூடத் தாண்டாது.

இந்த மாதிரி நேரத்துக்குத்தான் இந்த வழிகாட்டி. பக்கத்திலேயே கடை இருந்து, விரலுக்குச் சொந்தக்காரரும் கூட வர முடியுமென்றால் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எண் போட்ட வளையங்கள் கோத்த கொத்து ஒன்று எந்த நகைக்கடையிலும் இருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள், அதற்குக் காசும் வாங்க மாட்டார்கள். தெரிந்த பத்தர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஆன்லைனில் வாங்குகிறவர்கள், தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்குத் தெரியாமல் மோதிரம் செய்ய நினைக்கிற மாமியார்கள், நடவு நேரத்தில் வயலை விட்டுவிட்டு டவுனுக்குப் போக முடியாதவர்கள், இவர்களுக்கெல்லாம் வீட்டிலேயே அளவெடுப்பதுதான் வழி. கவனமாகச் செய்தால் கடை அளவுக்கும் இதற்கும் பெரிதாக வித்தியாசம் வராது.

முதலில் கணக்கு

நம் கடைகளில் புழங்கும் எண்ணுக்குப் பின்னால் இருப்பது ரொம்பச் சின்னக் கணக்கு. மோதிரத்தின் உள்சுற்றளவை மில்லிமீட்டரில் எடுத்து அதிலிருந்து 40-ஐக் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் அளவு. 50 மி.மீ. என்றால் 10, 52 என்றால் 12, 54 என்றால் 14, 60 என்றால் 20. கடைக்குக் கடை அட்டவணையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதனால்தான் எண்ணோடு மில்லிமீட்டரையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறேன்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு சைஸ் கூடினால் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் கூடுகிறது. ஆனால் விட்டம், அதாவது குறுக்களவு, கிட்டத்தட்ட 0.32 மில்லிமீட்டர்தான் கூடும். ஆகவே ஸ்கேலை மோதிரத்தின் குறுக்கே வைத்து "பதினேழு வருது" என்று படிப்பவர்கள் கண் அரை மில்லிமீட்டர் பிசகினாலே ஒன்றரை சைஸ் தப்பிவிடுவார்கள். சாதாரண ஸ்கேலில் அரை மில்லிமீட்டரைச் சரியாகப் படிக்க யாராலும் முடியாது. அதே பிசகு சுற்றளவில் நடந்தால் அரை சைஸோடு போயிற்று. நெட்டில் பார்க்கிற பாதி வீடியோக்களில் குறுக்களவு எடுக்கத்தான் சொல்லித் தருகிறார்கள். என் கருத்து, வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவி கையில் இல்லாதவரை குறுக்களவு பக்கமே போகாதீர்கள். சுற்றளவை எடுங்கள், மில்லிமீட்டரில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

வெளிநாட்டு எண்களுக்கு வருவோம். அமெரிக்க முறையில் 6 என்பது உள்விட்டம் 16.5 மி.மீ., நம் கணக்கில் 12. அவர்களுடைய 7 நம் 14-க்குப் பக்கம், 8 நம் 17-க்குப் பக்கம், 10 நம் 22. பிரிட்டனில் எண்ணே கிடையாது, எழுத்துதான் சொல்வார்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் சுற்றளவு மில்லிமீட்டரே அளவு, 54 என்றால் 54 மி.மீ. அவ்வளவுதான். துபாயிலோ சிங்கப்பூரிலோ கடைக்காரர் எண் சொன்னால், அது எந்த முறை என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது மில்லிமீட்டரில் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டாவதுதான் சுலபம்.

என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்

ஒரு ஏ4 தாள், மெல்லிய முனை உள்ள பேனா, கத்தரிக்கோல், செலோடேப், ஸ்டீல் ஸ்கேல், ஒரு ஏடிஎம் கார்டு. இவ்வளவு போதும்.

தாள் ஏ4 தாளாகவே இருக்கட்டும். செய்தித்தாள் வியர்வை பட்டால் நைந்துபோகும், கல்யாணப் பத்திரிகை அட்டை விரலைச் சுற்றி வளையாமல் மடிந்து நிற்கும். ஸ்கேல் விஷயத்திலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோன பழைய பிளாஸ்டிக் ஸ்கேலில் முனை தேய்ந்திருக்கும், பூஜ்யம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. அதனால் எப்போதும் பூஜ்யத்திலிருந்து அளக்காமல் 10 மி.மீ. கோட்டில் வைத்து அளந்து, கடைசியில் 10-ஐக் கழித்துவிடுங்கள்.

ஏடிஎம் கார்டு எதற்கு என்றால், உலகம் முழுக்க அது ஒரே அளவு. நீளம் 85.6 மி.மீ., அகலம் 53.98, அதாவது 54 என்றே வைத்துக்கொள்ளலாம். பான் கார்டும் இதே அளவுதான். ஸ்கேல் சரியா என்று பார்க்க கார்டை அதன் மேல் வைத்தால் போதும். இன்னொரு உபயோகமும் உண்டு. கார்டின் குட்டைப் பக்கம் 54 மி.மீ. என்பதால் அதன் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி வளையமாக்கினால் அது 14-ஆம் அளவு. ஸ்கேலே இல்லாத இடத்தில்கூட உங்கள் விரல் 14-க்கு மேலா கீழா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

எப்போது அளவெடுப்பது

விரல் நாள் முழுக்க ஒரே பருமனில் இருப்பதில்லை. வெயிலில் உப்பும், குளிரில் சுருங்கும். மார்கழி விடியலில் குளத்திலோ ஆற்றிலோ முங்கிவிட்டு வந்த கையோடு அளவெடுத்தால் அந்த மோதிரம் அக்னி நட்சத்திரத்தில் விரலை இறுக்கும். அதேபோல சித்திரை மத்தியானத்தில், வயலிலிருந்து வந்த உடனே, அல்லது மண்வெட்டி பிடித்த கையில் அளவெடுத்தால் தை மாதக் காலையில் மோதிரம் கழன்று விழும். தூங்கி எழுந்த உடனே சிலருக்குக் கை கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுவும் வேண்டாம். முதல் நாள் இரவு கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று உப்பாகச் சாப்பிட்டிருந்தால் மறுநாளும் வீக்கம் தெரியும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் அளவெடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் சிரிக்காதீர்கள், காரணத்தோடுதான் சொல்கிறார்கள்.

சாயங்காலம் நல்ல நேரம். வேலை முடிந்து, கை கால் கழுவி, மின்விசிறிக்கடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்த பிறகு எடுங்கள். காபி டம்ளரை ஆற்றிய கையோடு வேண்டாம், அது ஆறட்டும். ஒரே தடவையில் முடித்துவிடாமல் வேறு வேறு நாளில் இரண்டு மூன்று முறை எடுத்துப் பாருங்கள். எண்கள் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது, பெரியதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மேல் வித்தியாசம் வந்தால் விரலை விட அளவெடுத்த விதத்தில்தான் கோளாறு இருக்கும், திரும்ப எடுங்கள்.

எந்தக் கை, எந்த விரல் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். வலது கைக்காரர்களுக்கு வலது விரல் பெரும்பாலும் கொஞ்சம் தடிமனாக இருக்கும், அரை சைஸ், சில பேருக்கு முழு சைஸ். "மோதிர விரல்தானே, எந்தக் கையாக இருந்தால் என்ன" என்று இடது கையில் எடுத்துவிட்டு மேடையில் வலது கையில் போடப் போகும்போதுதான் சிக்கல் தெரியும். வேளாங்கண்ணி, தஞ்சாவூர்ப் பக்கம் கிறிஸ்தவக் கோயில் திருமணத்தில் மோதிரம் மாற்றுகிறவர்கள் எந்தக் கையில் போடுவது வழக்கம் என்று இரு வீட்டாரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

காகிதப் பட்டை முறை

தாளிலிருந்து 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். அகலம் நீங்கள் வாங்கப்போகும் மோதிரத்தின் அகலமே இருக்க வேண்டும். மெல்லிய மோதிரம் என்றால் 3 மி.மீ., பட்டையான மாப்பிள்ளை மோதிரம் என்றால் 6 அல்லது 8. பலரும் தவறவிடுவது இதைத்தான், ஏன் என்று கீழே சொல்கிறேன். ஓரங்கள் நேராக இருக்கட்டும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள்.

விரலின் அடியில், மோதிரம் உட்காரும் இடத்தில், பட்டையைச் சுற்றுங்கள். ஒரு முனை மேலே வந்து இன்னொரு முனையின் மேல் படிய வேண்டும். பட்டை சாய்ந்து சுருளாகப் போகக் கூடாது, ஓரத்தின் மேல் ஓரம் சரியாக உட்கார வேண்டும். சாய்ந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு இறுக்கம் என்று கேட்டால், சதை பிதுங்கக் கூடாது, ஆனால் பட்டைக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சமும் தெரியக் கூடாது. பட்டையை லேசாகச் சுழற்றினால் சுழல வேண்டும்.

இன்னொருவர் கூட இருந்தால் இந்த இடத்தில் பேனாவை அவரிடம் கொடுங்கள். மேல் அடுக்கின் முனை முடிகிற இடத்தில், அந்த ஓரத்தை ஒட்டியே கீழ் அடுக்கில் மெல்லிய கோடு ஒன்று. தனியாக எடுக்கிறீர்கள் என்றால் கட்டைவிரலால் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கோடு போடலாம், பழக்கம் வர இரண்டு பட்டை வீணாகும், பரவாயில்லை.

பட்டையைப் பிரித்து நேராக வைத்து, மேல் அடுக்காக இருந்த முனையிலிருந்து கோடு வரை அளங்கள். 10 மி.மீ. கோட்டில் ஆரம்பித்தீர்கள் என்றால் 10-ஐக் கழிக்க மறக்காதீர்கள். உதாரணமாக 66-ல் கோடு நின்றால் சுற்றளவு 56, அளவு 16. பெண்களுக்குப் பெரும்பாலும் 10-க்கும் 16-க்கும் நடுவே வரும், ஆண்களுக்கு 18-லிருந்து 24 வரை. இதைவிட ரொம்பத் தள்ளி ஏதாவது வந்தால், உதாரணமாக வளர்ந்த ஆணுக்கு 8 என்று வந்தால், கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

இத்தோடு முடிந்தது என்று கடைக்குப் போன் போட்டுவிட வேண்டாம். முக்கியமான சோதனை இனிமேல்தான்.

கணுவைத் தாண்ட வேண்டுமே

மோதிரம் உட்காருவது விரலின் அடியில்தான், ஆனால் அங்கே போய்ச் சேர நடுக் கணுவைத் தாண்டியாக வேண்டும். நாற்று பறித்து, களை பறித்து, கதிர் அறுத்துப் பழகிய கைகளிலும், வயதானவர்களின் கைகளிலும் இந்தக் கணு நன்றாகப் பெருத்திருக்கும். அடி அளவை மட்டும் எடுத்துச் செய்த மோதிரம் கணுவிலேயே நின்றுவிடும். அதற்குப் பயந்து கணு அளவுக்கே செய்தால் உள்ளே போனபிறகு தொளதொளவென்று சுற்றும்.

அதனால் அளந்த பட்டையை அந்தக் கோட்டிலேயே முனையை வைத்து செலோடேப் போட்டு வளையமாக்குங்கள். அதை நுனியிலிருந்து விரலில் ஏற்றுங்கள். கணுவில் லேசாகத் தடுத்து, கொஞ்சம் திருகினால் தாண்டி, அடியில் போய் நிற்கிறதா? அதுதான் சரியான அளவு. கையைத் தொங்கப்போட்டு உதறிப் பாருங்கள், வளையம் கணுவைத் தாண்டி வரக் கூடாது. தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் ஒரு மில்லிமீட்டர் குறைத்து இன்னொரு வளையம் செய்யுங்கள். கணுவில் கிழிந்தால் ஒரு மில்லிமீட்டர் கூட்டுங்கள்.

கணுவுக்கும் அடிக்கும் இரண்டு மூன்று சைஸ் வித்தியாசம் இருப்பவர்கள் கணுவையும் தனியாக அளந்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவை எடுக்க வேண்டும், கணுப் பக்கம் சற்றே சாய்ந்தாற்போல. அடி 54, கணு 58 என்றால் 56 அல்லது 57. மோதிரம் கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். இந்த விரல்களுக்கு மேலே கனமான கல் வைத்த டிசைனைத் தவிர்த்து, சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும் வளையம் போட்டால் சுற்றினாலும் அசிங்கமாகத் தெரியாது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு வலி இல்லாத நாளிலும் வீங்கிய நாளிலும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அகலமான மோதிரம், கல் மோதிரம்

பட்டையான மோதிரம் தோலில் அதிக இடத்தைப் பிடிக்கும். அந்தச் சதை ஒதுங்க இடம் இல்லாமல் இறுக்கம் தெரியும். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலம் என்றால், ஒல்லியான பட்டையிலோ வளையத்திலோ எடுத்த அளவோடு அரை சைஸிலிருந்து ஒரு சைஸ் வரை கூட்டிக்கொள்ள வேண்டும். மோதிர அகலத்துக்கே காகிதத்தை வெட்டச் சொன்னது இதற்காகத்தான். கடையில் உள்ள அளவு வளையங்கள் பெரும்பாலும் ஒல்லியானவை, அங்கே 20 சரியாக இருந்தது என்று பட்டை மோதிரத்துக்கும் 20-ஏ சொன்னால் முதல் நாளே கஷ்டம். அரை சைஸ் நடுவில் நின்றால் பட்டை மோதிரத்துக்கு மேலேயும் மெல்லிய மோதிரத்துக்குக் கீழேயும் போங்கள்.

கல் மோதிரம் தனி விஷயம். சூரியனார்கோயில், ஆலங்குடி, திருநள்ளாறு, வைத்தீஸ்வரன்கோயில் என்று நவக்கிரகத் தலங்கள் சுற்றியும் இருக்கிற ஊர் நம்முடையது, ஜோசியர் சொல்லிக் கல் போடுகிறவர்கள் இங்கே நிறைய. அந்த மோதிரங்களில் கல் தோலைத் தொட வேண்டும் என்று அடியைத் திறந்து கட்டுவார்கள். கல்லின் அடிப்பாகம் உள்ளே கொஞ்சம் இறங்கி நின்றால் உள்சுற்று அந்த அளவு குறையும். எடை முழுக்க மேலே இருப்பதால் லேசாகத் தளர்ந்தாலும் கல் சாய்ந்து பக்கத்து விரலுக்குப் போய்விடும். எனவே அளவு சொல்லும்போதே "கல் அடி திறந்தது, கல்லோடு சேர்த்து உள்ளளவு இவ்வளவு வர வேண்டும்" என்று பத்தரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நவரத்தின மோதிரத்துக்கு இது இன்னும் முக்கியம், மேல்தட்டு அகலமாக இருக்கும், பின்னால் மாற்றுவதும் கடினம்.

பழைய மோதிரத்திலிருந்து அளவு

அதே கையின் அதே விரலுக்குச் சரியாகப் பொருந்துகிற மோதிரம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் குறுக்களவு வேண்டாம். மோதிர அகலத்தைவிடச் சற்று ஒல்லியான காகிதப் பட்டையைச் சுருட்டி மோதிரத்துக்குள் விட்டு, விரலை விட்டுவிட்டால் அது தானாக விரிந்து உள்சுவரை ஒட்டி நிற்கும். பேனா முனையால் சுற்றிலும் நன்றாக அழுத்திவிட்டு, முனை படிகிற இடத்தில் கோடு போட்டு, வெளியே எடுத்து அளங்கள். உள்சுற்றளவு நேராகக் கிடைத்துவிடும்.

வெர்னியர் கிடைத்தால் குறுக்களவும் எடுக்கலாம். பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்தில் எல்லோரும் கையில் பிடித்ததுதான், லேத் பட்டறையிலும் இருக்கும். உள்ளளவு எடுக்கும் மேல் தாடையை மோதிரத்துக்குள் விட்டு, இரண்டு மூன்று திசையில் எடுத்து, சராசரியை 3.14-ஆல் பெருக்கி 40-ஐக் கழியுங்கள். 18.1 என்றால் 56.8, அதாவது 17. வருஷக்கணக்கில் போட்ட தங்க மோதிரம் லேசாக நெளிந்து முட்டை வடிவமாகியிருக்கும், அதனால்தான் ஒரே திசையில் எடுக்கக் கூடாது.

தெரியாமல் எடுக்க வேண்டும் என்றால், அவர் கழற்றி வைக்கிற நேரத்தில் மோதிரத்தைக் கையிலெடுக்கத்தான் வேண்டும். கெட்டித் தாளைக் கடலைப் பொட்டலம் போலக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, மோதிரத்தை அதில் இறக்கி, அது நிற்கிற இடத்தில் மோதிரத்தின் நடுவை ஒட்டிக் கோடு போட்டுவிட்டு மோதிரத்தைத் திரும்ப வைத்துவிடலாம். அந்தக் கூம்பையே கடைக்குக் கொண்டுபோனால் அளவுக் குச்சியோடு ஒப்பிட்டு எண் சொல்லிவிடுவார்கள். அவர் அந்த மோதிரத்தை எந்த விரலில் போடுகிறார் என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நடு விரல் மோதிரத்தை வைத்து மோதிர விரலுக்குச் செய்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. தூங்குகிறவர் விரலில் நூல் சுற்றி அளவெடுக்கும் யோசனை கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் அவர் விழித்துக்கொள்வார்.

நூலும் நாரும்

நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது நூல், இல்லாவிட்டால் பூக்கட்டும் வாழை நார். இரண்டுமே வேண்டாம். நூல் சதைக்குள் இறங்கும், இழுத்தால் நீளும், விரித்து அளக்கும்போது எவ்வளவு இழுத்தீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும், முறுக்கு வேறு பிரியும். ஈர நார் காய்ந்தால் சுருளும். தையல்காரர் டேப் துணியோ பிளாஸ்டிக்கோ, விரல் சுற்றளவுக்கு அது ரொம்ப அகலம், தடிமனும் அதிகம். அவசரத்தில் அதுதான் இருக்கிறது என்றால் அங்குலப் பக்கத்தைத் தொடாமல் சென்டிமீட்டர் பக்கத்தில் படியுங்கள்.

மோதிரத்தைத் தாளில் வைத்து உள்ளே பென்சிலால் வட்டம் போடுவதிலும் பென்சில் முனையின் தடிமன் உள்ளே தள்ளி நிற்பதால் அளவு எப்போதும் சிறியதாகவே வரும்.

போன் ஆப் பரவாயில்லை. திரையில் கார்டை வைத்து அளவைச் சரிசெய்யச் சொல்லும் ஆப்பாக இருந்தால் நம்பலாம், அந்த வேலையைக் கேட்காத ஆப்பை நம்பாதீர்கள், உங்கள் போன் திரை எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாமல் போகலாம். பிரிண்ட் எடுக்கும் அட்டவணைக்கும் இதே கதைதான். ஜெராக்ஸ் கடையில் தாளுக்குத் தகுந்த மாதிரி சுருக்கி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அதை அப்படியே நம்பக் கூடாது, கார்டை வைத்து 85.6 மி.மீ. சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் பெல்ட் மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை விற்கிறது, விரலில் மாட்டி இழுத்தால் எண் தெரியும். அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் எண் எந்த நாட்டு முறை என்று உறையில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெளியூரில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது

"உன் மோதிர சைஸ் என்ன?" என்று கேட்காதீர்கள். இப்படி அனுப்புங்கள்: "மாப்பிள்ளை, ஏ4 தாளில் 6 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, வலது கை மோதிர விரல் அடியில் சுற்றி, முனை முடிகிற இடத்தில் கோடு போடுங்க. கோட்டிலேயே ஒட்டி வளையமாக்கிக் கணுவைத் தாண்டுதான்னு பாருங்க. தாண்டினா, பட்டையைப் பிரிச்சு ஏடிஎம் கார்டு பக்கத்தில் வைச்சு மேலேயிருந்து நேரா ஒரு போட்டோ, அப்புறம் ஸ்கேலில் எத்தனை மில்லிமீட்டர்னு எண்."

கார்டைத் திருப்பிப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள், எண்ணும் பெயரும் போட்டோவில் தெரிய வேண்டாம், பின்பக்கத்து மூன்று இலக்க எண் இருந்தால் அதை விரலால் மறைத்துக்கொள்ளட்டும். போட்டோ சாய்ந்து எடுத்திருந்தால் நீளம் மாறும், ஆனால் பக்கத்திலேயே கார்டு இருப்பதால் அவர் சொன்ன எண் ஏறக்குறைய சரியா என்று நமக்குத் தெரிந்துவிடும். கார்டின் அகலத்தைவிடப் பட்டையில் கோடு வரை உள்ள நீளம் கொஞ்சம் கூட இருக்கிறது, அவர் 60 என்கிறார், சரிதான். அந்த அகலத்தைவிடக் குட்டையாகத் தெரிகிறது, அவர் 60 என்கிறார் என்றால் எங்கோ தப்பு.

இன்னொன்று, குளிர்நாட்டில் இருப்பவர் அளந்து சொன்னால் அரை சைஸ் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே வந்து இறங்கிய மூன்றாம் நாள் கல்யாண மண்டபத்துப் புழுக்கத்தில், ஹோமப் புகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது போடப் போகிற மோதிரம் அது.

சில தனிக் கணக்குகள்

கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் கடைசி மாதங்களில் கை கால் வீங்கும். வளைகாப்புச் சமயத்தில் எடுத்த அளவை வைத்து நிரந்தரமாகப் போட மோதிரம் செய்யாதீர்கள். அவர்கள் ஏற்கனவே போட்டிருக்கும் மோதிரம் இறுக ஆரம்பித்தால் உடனே கழற்றிவிடுவது நல்லது.

காதுகுத்துக்கோ முதல் பிறந்தநாளுக்கோ குழந்தைக்குப் போடும் மோதிரத்துக்கு அளவெடுத்து மெனக்கெட வேண்டாம். அடியில் வெட்டு விட்டு, விரித்துச் சுருக்கும்படி இருக்கும் மோதிரமே போதும், விழா முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.

மெட்டிக்கும் காகிதப் பட்டையே போதும். நின்றுகொண்டு, காலில் எடை விழும்படி எடுங்கள், உட்கார்ந்தால் விரல் ஒல்லியாகத் தெரியும். வெள்ளி மெட்டியில் பெரும்பாலும் வெட்டு இருக்கும் என்பதால் துல்லியம் அவ்வளவு தேவையில்லை.

அளவு தப்பினால்

பெரிதாகிவிட்டால் நம் வீடுகளில் முதல் வைத்தியம் மோதிரத்தின் அடியில் நூல் சுற்றுவது. ஒரு விசேஷத்தை ஓட்ட அது போதும். மாதக்கணக்கில் விட்டால் சாம்பாரும் சோப்பும் அதில் ஊறி, அடியில் தோல் வெந்துபோகும். நாலைந்து நாளில் பத்தரிடம் கொடுத்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்கக் கணு வீங்கும். கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்போ தேங்காய் எண்ணெயோ போட்டுத் திருகித் திருகி எடுங்கள். விரல் நீலமாகிறது, மரத்துப் போகிறது என்றால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தீயணைப்பு நிலையத்திலும் வெட்டி எடுத்துக் கொடுப்பார்கள்.

வெற்று வளையத் தங்க மோதிரத்தை ஒன்றிரண்டு சைஸ் கூட்டுவதும் குறைப்பதும் பத்தருக்குச் சின்ன வேலை. அடிப்பக்கம் வெட்டி, துண்டைச் சேர்த்தோ எடுத்தோ, பொடி வைத்து ஊதி ஒட்டிவிடுவார். சுற்றிலும் கல் பதித்தது, எனாமல் பூசியது, டைட்டானியம், டங்ஸ்டன், இவற்றை மாற்ற முடியாது அல்லது மாற்றினால் கெட்டுவிடும், இந்த வகைகளுக்கு மட்டும் அளவில் ஒரு சந்தேகமும் மிச்சம் வைக்காமல் கடைக்குப் போய் வளையம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அரைப் பவுன் வெற்று மோதிரத்தில் ஒரு சைஸ் குறைத்தால் வெளியே வருவது சுமார் 70 மில்லிகிராம் தங்கம். மூன்று சைஸ் குறைத்தால் 200 மில்லிகிராமைத் தாண்டும், அந்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள் அல்லது கூலியில் கழிக்கச் சொல்லுங்கள். கொடுக்கும் முன்னும் வாங்கும்போதும் எடை போட்டுப் பாருங்கள். மோதிரத்தின் உள்பக்கம் ஹால்மார்க் முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி (நகைக்கான தனி அடையாள) எண்ணும் இருக்கும். வெட்டு அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்த எண்ணைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள்.